இரண்டு பீரோவில் ஒரு குழல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் உட்கார்ந்தேன், கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று பிறகு ஞாபகம் வந்தது. போன மாதம் உன் பெரியம்மாவின் கைப்பேசியில் உன் படத்தைப் பார்த்தேன், கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். ஆமாம், பெரியம்மாவின் கைப்பேசியில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் கைப்பேசியை அம்மா எப்படிப் பார்த்தாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும், இருக்கட்டும், அது அதன் இடத்தில் வரும். ஒரு மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் உன்னிடம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அழைத்தால் உன் அப்பா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் என்பதால்தான் இந்தக் கடிதம். முழுவதும் படி. நடுவில் விட்டுக் கடைசிக்குத் தாவாதே, நீ தேடுகிற தொகை அங்கே இருக்காது.

முதலில் நீ செய்த காரியம். தாத்தாவின் புல்லாங்குழல் மாதிரியே ஒன்று ஏதோ ஒரு ஏலத்தில் போன விலையை வலைத்தளத்தில் பார்த்தாய், சரி. என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினாய், "பெரியவங்க எல்லாரும் பழசை மறந்துட்டு ஒண்ணா உக்காந்து வித்துடுங்க, என் பங்கை எனக்கு அனுப்புங்க" என்று, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. கொளுத்திப் போட்டுவிட்டு அத்தனை தூரத்தில் உட்கார்ந்து குளிர்காய்கிறாய். பழசை மறந்துவிட்டு என்கிறாயே, எது பழசு என்று உனக்குத் தெரியுமா? பாகம் பிரித்தபோது நீ தொட்டிலை விட்டு இறங்கியிருந்தாய், அவ்வளவுதான். தாத்தா நாடக அரங்கில் வாத்தியக் குழுவில் ஊதியவர், அரங்கை மூடியபோது அவர் ஊதிய குழலை அவரிடமே கொடுத்து அனுப்பினார்கள், கருமரம், துளைகளை மூடித் திறக்க வெள்ளி விசைகள், செய்தவரின் முத்திரை. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டின் நடுவே சுவர் எழுப்பினார்கள். சன்னல் எல்லாம் அவர்கள் பக்கம் போனது, தண்ணீர் எல்லாம் நம் பக்கம் நின்றது. அவர்கள் குழாய் இழுத்துக்கொண்டார்கள், நாம் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டோம். கட்டில், பாத்திரம், ஏணி என்று எல்லாம் பிரித்து முடித்து மேசைமேல் குழல் மட்டும் மிஞ்சியபோது உன் பெரியப்பா அதைக் கழற்றித் தலைத்துண்டை எடுத்துக்கொண்டார். "ஊதுற இடம் என்கிட்ட. இனிமே அவன் எதை வச்சு ஊதுவான்?" என்றார். உன் அப்பா உடல் துண்டை எடுத்துக்கொண்டார். "விரல் வைக்கிற இடம் என்கிட்ட. அவரு காத்தை ஊதிக்கட்டும்." இருவருக்கும் ஊதத் தெரியாது என்பதை யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. பெட்டி அவர்களுக்குப் போனது. அன்றிலிருந்து ஒரே குழல் இரண்டு பீரோவில் இருந்தது.

நீ உன் பங்கைக் கேட்டாய். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். எனக்கு இந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். நாள் முழுவதும் கண்ணாடி வில்லைகளைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டி கீறல் தேடுகிற வேலை என்னுடையது, வீட்டுக்கு வந்தால் என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இங்கே உன் அப்பா "வேணும்னே தும்முறான்" என்பார். நான் பாத்திரம் கழுவினால் அங்கே வானொலியைச் சத்தமாக வைப்பார்கள். இதில் வாழ்வதற்கு ஒரு பயிற்சி வேண்டும், எனக்கு அந்தப் பயிற்சி வந்துவிட்டது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. என் சம்பளம் மாதம் முடிவதற்குள் எங்கே போகிறது என்று உனக்கே தெரியும், வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க என்னிடம் எதுவும் மிஞ்சியதில்லை. அதனால் உன் செய்தி வந்தபோது உன்மேல் எரிச்சல் வந்தாலும், வாயை மூடிக்கொண்டு விற்கட்டும் என்று இருந்தேன்.

பழைய வாத்தியங்களுக்கு மதிப்பு பார்க்கிறவர் ஒருவர் கடைவீதியில் தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார், மூக்கடைப்புக்காரர், பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்மையும் மரத்தின்மேல் மூச்சு விடாதீர்கள் என்பார். அங்கே நாலு பேரும் போனோம், இரண்டு பேருந்துகளில். உன் பெரியப்பா தலைத்துண்டை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், உன் அப்பா உடல் துண்டைச் செய்தித்தாளில். இவ்வளவு நாளைக்குப் பிறகு இரண்டும் ஒரே மேசையில். அவர் எடுத்துச் சேர்த்தார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் நெஞ்சு விரிந்துவிட்டது, உன் பெரியப்பா அந்தக் காலத்து வேலை என்றால் சும்மாவா என்று மேசையைத் தட்டினார். மூக்கடைப்புக்காரர் சின்ன விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார், பஞ்சில் ஏதோ நனைத்து ஓர் ஓரத்தைத் துடைத்தார், பஞ்சு கறுத்தது. பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "நல்லா செஞ்சிருக்காங்க. போன மாசமா, அதுக்கு முந்தின மாசமா?"

இரண்டுமே புதிது, சாயம் ஏற்றிய மரம், முத்திரையைச் சூட்டு ஊசியால் எழுதியிருக்கிறார்கள் என்றார். கடைந்த உளியில் ஒரு பல் உடைந்திருக்கிறது, அதன் கோடு தலையில் தொடங்கி உடல்வரைக்கும் ஒரே நேராக ஓடுகிறது, ஆகவே இரண்டும் ஒரே கை வேலை என்றார். உன் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நொடியில் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்கள். அப்போதுதான் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று எனக்கு உறுதியானது. விஷயம் உனக்குப் புரிந்திருக்கும். தம்பி பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்று அண்ணன் அசலைப் பூட்டிவிட்டு நகல் செய்துகொண்டு வந்திருக்கிறார். அண்ணன் ஏமாற்றிவிடுவார் என்று தம்பியும் அதையே செய்திருக்கிறார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, இருவரும் போனது பின்தெருவில் கட்டில் காலும் படிக்கட்டுத் தூணும் கடைகிறவரிடம், இருவரும் அவரிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்த மனிதர் இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்காரும்படி அளவெடுத்தும் கொடுத்திருக்கிறார். நம் குடும்பத்தில் ஒன்றோடொன்று பொருந்திப் போனது அந்த இரண்டு போலித் துண்டுகள் மட்டும்தான். மூக்கடைப்புக்காரர் திருப்பிச் சுற்றிக் கொடுத்தார். அசல் இருந்தால் எடுத்துவரச் சொன்னார், வாத்தியக் காட்சியகம் ஒன்றுக்கு வாங்குகிறவர் ஒருவர் வரப்போகிறார், இரண்டும் ஒரே குழல் என்று காட்ட முத்திரைக்குக் கீழே இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்றார். "ரெண்டும் சேந்து வரணும். ஒண்ணு மட்டும் வந்தா அது வெறும் கட்டை." படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. வாழ்க்கையில் ஒரு பொய்க் கையெழுத்துகூடப் போடாத என்னைக் களவாணிக் கும்பலில் நான்காவது ஆளாக அந்த மனிதர் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாயா? உன் அப்பா சுவரைப் பார்த்துக் கத்தினார், நான் கொண்டுவந்தது அசல், அவன்தான் போலியைக் கொண்டுவந்து என்னுடையதையும் சேர்த்துக் கெடுத்தான் என்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே வாக்கியம் திரும்பி வந்தது, அவன் என்பது மட்டும் அங்கே உன் அப்பாவைக் குறித்தது. நான் பீரோவைக் காட்டி, அப்படியென்றால் உள்ளே துணி சுற்றிப் படுத்திருப்பது யார் என்று கேட்டேன். அவர் என்னை எதிராளியின் ஆள் என்றார். அதன்பிறகு அவன் முதலில் காட்டட்டும், இவன் முதலில் காட்டட்டும் என்று போனது. வாங்குகிறவர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது, என் முன்பணம் இரண்டு பீரோவுக்குள் பாதி பாதியாகக் கிடந்தது.

இந்த இடத்தில்தான் உன் பெரியம்மா வருகிறாள். மாடி பொதுவானது, அவள் கொடி ஒன்று, என் கொடி ஒன்று, அவள் போன பிறகுதான் நான் போவேன். அன்றைக்கு நான் போனபோதும் நின்றுகொண்டிருந்தாள், வாயில் துணி மாட்டும் கிளிப்பைக் கடித்துக்கொண்டு. அதை எடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், நனைந்த போர்வையைப் பார்த்து, "உங்க வீட்டுச் சாவி எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். உங்கள் வீட்டுச் சாவி எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். "இத்தனை வருஷமா நான்தான் துவைக்கிறேன். எந்தச் சட்டைப் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கிழமை சொன்னாள், இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு எதற்குப் பணம் என்று நான் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு நாங்கள் கூடிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. என் கல்யாணப் புடவையை அவள் "திரைச்சீலைக்கு ஆகும்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை, அவள் சமையலைப் பற்றி நான் சொன்னதை அவளும் மறந்திருக்க மாட்டாள்.

அந்தக் கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். உன் அப்பா வேலைக்குப் போன பிறகு, சவரப் பெட்டியில் சோப்புக்கு அடியில் இருக்கும் சாவியை எடுத்து, இழுப்பறையிலிருந்து அசலை எடுத்தேன், அதே துணியில் அதே முடிச்சுப் போட்டு, பரணில் கிடந்த நகலை உள்ளே வைத்தேன். பேருந்தில் அவள் முன்னிருக்கை, நான் பின்னிருக்கை. பாதி தூரத்தில் தோளுக்கு மேல் கைப்பேசியை நீட்டினாள். அதில் நீ. உன் பக்கத்தில் அவள் மகன், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தட்டுக் கழுவுகிறான், நீ மேசைமேல் ஏறி உட்கார்ந்து அவன் தலையில் சோப்பு நுரையை வைத்துக்கொண்டிருக்கிறாய். "உங்க பொண்ணு ஞாயித்துக்கிழமைன்னா எங்க பையன் சமையல்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள். அந்த நெனச்சேன் இருக்கிறதே, அதை அவள் எத்தனை நாளாகத் தீட்டி வைத்திருந்தாளோ. ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து என்னிடம் என்ன சொன்னாய்? அண்ணன் அதே ஊரில் இருந்தால் எனக்கென்னம்மா, நான் அவன் முகத்தில்கூட முழிப்பதில்லை என்றாய். நீ அப்படிச் சொல்லச் சொல்ல நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். உனக்காக என்று நான் இங்கே அந்தச் சுவருக்குக் காவல் இருந்தேன், நீ அங்கே நுரை வைத்து விளையாடினாய். அவன் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான், நீ உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவனோடு பேசினாய் என்று எனக்குக் கோபமில்லை. அவள் முன்னால் என்னை ஒன்றும் தெரியாதவளாக உட்கார வைத்தாயே, அதை எப்படி விழுங்குவது என்று இன்னும் தெரியவில்லை. பங்கு கேட்கும் செய்தியையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதியிருப்பீர்கள், அந்தக் கைகூப்பும் பொம்மை யாருடைய யோசனை?

கடையில் மூக்கடைப்புக்காரர் எங்களைப் பார்த்ததும், "வீட்டுல தெரியுமா?" என்றார். உன் பெரியம்மா, "எந்த வீட்டுல?" என்றாள். அவர் மேசையில் இடம் ஒதுக்கினார். அவள் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள், உடல் துண்டு படுக்க வேண்டிய குழியில் இத்தனை நாளும் பொத்தானும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறாள், கடையிலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். முத்திரை பார்த்தார், எண் பார்த்தார், இரண்டிலும் ஒன்றே. சேர்த்துப் பார்த்தார், போகவில்லை. நம் துண்டின் முனை அவர்கள் துண்டின் வாய்க்குள் நுழைய மறுத்தது. உன் பெரியம்மா உடனே, இழைப்பதாக இருந்தால் அவர்களுடையதை இழையுங்கள் என்று என்னைக் காட்டினாள். நான் ஏன் என்றேன், வாயை அகலப்படுத்துங்கள் என்றேன். போலித் துண்டுகளுக்காக அண்ணன் தம்பி போட்ட சண்டையை நாங்கள் அசலுக்குப் போடத் தொடங்கினோம். அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். எதையும் இழைக்கக் கூடாது, கத்தி பட்டால் விலை போயிற்று என்றார். "ஒண்ணு ஈரத்துல இருந்திருக்கு, ஒண்ணு வெயில்ல இருந்திருக்கு, வேற கோளாறு எதுவும் இல்ல. ரெண்டும் ஒரே பெட்டியில கொஞ்ச நாள் கெடக்கட்டும். தானா சேரும்." பெட்டியை மூடினார். உன் பெரியம்மா மூடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மரத்துக்கு அது போதும் போல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தோம்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அது சேர்ந்திருந்தது. வாங்குகிறவரும் வந்திருந்தார், அவர் பக்கம் நின்று மூக்கடைப்புக்காரர் குறையெல்லாம் சொன்னார், தலையில் மயிரிழை விரிசல், ஒரு விசை வெள்ளியில்லை, பித்தளையில் பின்னால் போட்டது. நீ பார்த்த ஏல விலை வேறொருவர் செய்த குழலுக்கு, நம்முடையதுக்கு அதில் கால்வாசிகூட இல்லை, இருந்தாலும் எனக்குப் போதும். கடைசியாக மூக்கடைப்புக்காரரே ஊதிக் காட்டினார், ஒரே ஒரு சுரம். இதற்கா இவ்வளவு என்று இருந்தது. பணத்தை அங்கேயே இரண்டாகப் பிரித்துக்கொண்டோம், உன் பெரியம்மா தன் பங்கை இருமுறை எண்ணினாள், என் பங்கையும் ஒருமுறை எண்ணினாள்.

என் வேலையிடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். அடுக்களையில் சன்னலும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. உன் அப்பாவிடம் நான் போகிறேன், வருவதானால் வாருங்கள் என்று சொன்னேன். பணம் ஏது, எத்தனை நாளாக யோசித்தாய், நான் என்ன செய்தேன், இதில் ஒன்றாவது கேட்பார் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "பீரோவை வைக்க அங்க எடம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். இப்போதும் காலையில் கிளம்புமுன் இழுப்பறைப் பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கிறார். அந்தப் பக்கத்திலும் அதே சத்தம் கேட்கிறது.

உன் பங்கைப் பற்றி இவ்வளவு தூரம் படித்தும் வரவில்லையே என்று பார்க்கிறாயா? என் பாதியில் உனக்குப் பங்கு இல்லை. படிக்க வைத்தாயிற்று, அனுப்பி வைத்தாயிற்று, இது எனக்கு. உனக்கு வேண்டியது உன் அப்பாவிடம் இருக்கிறது, துணி சுற்றி, பூட்டிப் பத்திரமாக. அவருக்குப் பிறகு அது உனக்குத்தான் வரும். மற்றப் பாதி உன் அண்ணனுக்கு வரும். உங்கள் இருவருக்கும்தான் ஒற்றுமையாயிற்றே, சேர்த்துப் பாருங்கள், ரொம்ப நன்றாகச் சேரும்.

நோய்நொடி இல்லாமல் இரு. கெட்ட பேர் வாங்காமல் இரு. என்னிடம் பொய் சொல்லாமலும் இரு, அது முடிந்தால் போதும். அந்தப் படத்தில் உன் கண்ணாடியின் இடது வில்லையில் கீறல் தெரிகிறது, நுரைக் கையோடு துடைத்திருப்பாய், அதோடு இரவெல்லாம் படிக்காதே, மாற்று. உன் கண் அளவை எழுதி அனுப்பினால் நானே இங்கே நல்லதாகப் பொறுக்கி அனுப்புகிறேன். பழைய விலாசத்துக்கு எழுதாதே, புதியதை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு, அண்ணனிடம் காட்டிய பிறகு வேண்டுமானாலும் கிழி.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் தீராத
அம்மா